அவுட்போட் எஞ்சினைக் குளிர்காலத்துக்குக் கட்டிவைப்பது எப்படி? ஒன்ராறியோவில் சிறு படகு வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

நான் படகு வாங்கிய முதல் வருடம் கியர் ஒயில் மாற்றும் வேலையை அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிவைத்தேன். மே மாதம் போய்ப் பார்த்தால், எஞ்சினின் அடியில் புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர்பெட்டியின் பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும், அலுமினியம் அதைத் தாங்காது. அந்தக் கியர்பெட்டி திருத்த முடியாமலே போய்விட்டது.

அதன் பிறகு என் எஞ்சினோடு சேர்த்து நண்பர்கள், உறவினர்கள் சிலருடைய எஞ்சின்களையும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் கட்டிவைத்துக் கொடுக்கிறேன். புதியவர்கள் வேலையை விட்டுவிடுவது குறைவு. வரிசையில்தான் பிழை விடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் செய்யுங்கள். 14 முதல் 18 அடி அலுமினியப் படகு, கழற்றி எடுக்கக்கூடிய பெற்றோல் தாங்கி, படகின் பின்புறத்தில் வெளியே பூட்டும் 9.9 முதல் 60 குதிரைவலு அவுட்போட் எஞ்சின் என்பதை மனதில் வைத்தே எழுதுகிறேன். உங்கள் எஞ்சினின் கையேடு வேறு விதமாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

1. நாளையும் இடத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

சிம்கோ ஏரி, ஸ்குகொக் ஏரிப் பக்கம் ஓடுபவர்களுக்கு ஒக்டோபர் நல்ல மாதம். நன்றி நவிலல் விடுமுறையை நான் எல்லையாக வைத்திருக்கிறேன். அதற்குப் பின்னரும் மீன் பிடிக்கலாம்தான். ஆனால் இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எஞ்சினை நிமிர்த்தித் தண்ணீர் முழுவதும் வடியும்வரை விடவேண்டும்.

பலர் மறந்துபோகும் ஒன்று, வீட்டுக்கு வெளியே உள்ள தண்ணீர்க் குழாய். உறைந்து வெடிக்காமல் இருக்க அதை நவம்பரில் உள்ளிருந்து பூட்டிவிடுகிறோம். எஞ்சினைக் கழுவ அந்தக் குழாய் வேண்டும். எனவே குழாயைப் பூட்டுமுன் எஞ்சின் வேலை முடிந்திருக்க வேண்டும்.

எஞ்சினை வெளியில், திறந்த இடத்தில் ஓடவிடுங்கள். கராஜ் கதவு திறந்துதானே இருக்கிறது என்று உள்ளே ஓடவிட வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது வீட்டுக்குள்ளும் போய்ச்சேரும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

பாதி வேலையில் கடைக்கு ஓடினால், திறந்த கியர்பெட்டி இரவு முழுவதும் அப்படியே கிடக்கும். பிறகு அடுத்த சனிக்கிழமைக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்த பிறகே தொடங்குங்கள்.

பெற்றோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர், ஒரு லீற்றர் மரைன் கியர் ஒயில், அந்தப் போத்தலில் பூட்டும் கைப்பம்ப், கியர்பெட்டி ஸ்குரூக்களுக்குப் புதிய வளையங்கள் (கேஸ்கட்), ஃபோகிங் ஒயில் (சிலிண்டருக்குள் துருவைத் தடுப்பது) ஸ்பிரே ஒன்று, மரைன் கிறீஸ், கிறீஸ் கன், புதிய கொட்டர் பின் (புரொப்பெல்லர் நட்டு கழராமல் தடுக்கும் ஊசி), தண்ணீர் ஹோஸில் பூட்டும் ஃபிளஷ் மஃப். ஃபோர் ஸ்ட்ரோக் (ஒயிலைப் பெற்றோலோடு கலக்காமல் தனியாக வைத்திருக்கும் எஞ்சின்) என்றால் எஞ்சின் ஒயிலும் அதன் பில்டரும், பெற்றோல் பில்டரும் வேண்டும். ஒயில் போத்தலில் எஃப்சி-டபிள்யூ (FC-W) என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது படகு எஞ்சினுக்கான தரக்குறி. கார் ஒயிலில் துருவைத் தடுக்கும் சேர்மானம் இந்த அளவுக்கு இருக்காது.

கைப்பம்ப் வாங்கும்போது அதன் நுனியின் புரி அளவு உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஜப்பானிய எஞ்சின்களுக்கு ஒரு அளவு, பழைய அமெரிக்க எஞ்சின்களுக்கு இன்னொரு அளவு. இரண்டு மூன்று நுனிகள் சேர்ந்து வரும் பம்பை வாங்கினால் தலையிடி இல்லை.

சிவப்பு நிற அன்ரிஃப்ரீஸைக் கேட்டு வருபவர்கள் உண்டு. அது படகுக்குள் பொருத்தப்பட்ட எஞ்சின்களுக்கு. அவுட்போட் எஞ்சினை நிமிர்த்தி வைத்தால் குளிரூட்டும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். அந்தக் காசை நல்ல கியர் ஒயிலுக்குப் போடுங்கள்.

3. கடைசிப் பயணத்துக்குப் புறப்படுமுன் ஸ்டெபிலைசர்

அநேகமானோர் இந்த இடத்திலேயே சறுக்குகிறார்கள். படகை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு தாங்கிக்குள் ஸ்டெபிலைசர் ஊற்றினால், தாங்கியில் உள்ள பெற்றோல் மட்டுமே காப்பாற்றப்படும். கார்புரேட்டரில், இன்ஜெக்டரில், பெற்றோல் குழாயில் உள்ளது பழைய பெற்றோலாகவே நிற்கும். பசை கட்டி அடைப்பது அந்தச் சிறு துவாரங்களைத்தான்.

அதனால் கடைசிப் பயணத்துக்குப் பெற்றோல் நிரப்பும்போதே, போத்தலில் எழுதியிருக்கும் சேமிப்பு அளவுக்கு ஸ்டெபிலைசரை ஊற்றி, அதன் மேல் பெற்றோலை நிரப்புங்கள். இரண்டும் தானாகக் கலந்துவிடும். ஏரியில் ஓடும்போது அது எல்லா இடமும் போய்ச் சேர்ந்துவிடும். சாதாரண நாட்களுக்கு ஒரு அளவு, சேமிப்புக்கு இன்னொரு அளவு என்று போத்தலில் இரண்டு இருக்கும். இரண்டாவதை எடுங்கள்.

ஒன்ராறியோவில் சாதாரண பெற்றோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடிப்போனால் தண்ணீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். ஒருமுறை பிரிந்துவிட்டால் எந்த ஸ்டெபிலைசராலும் திரும்பச் சேர்க்க முடியாது. எத்தனால் இல்லாத பிரீமியம் பெற்றோல் சில நிலையங்களில் கிடைக்கும். பம்பில் ஒட்டியிருப்பதை வாசியுங்கள். கடைசி நிரப்பலுக்காவது அதைப் போடுவது என் வழக்கம்.

4. ஏரிக்கரையில்

படகை ட்ரெய்லரில் ஏற்றியதும் எஞ்சினைக் கீழே இறக்கி நிமிர்த்தி, தண்ணீர் வடியும்வரை நில்லுங்கள். படகின் வடிகால் அடைப்பை (தண்ணீர் வடியும் துவாரத்தை மூடும் தக்கையை) கழற்றுங்கள். மீன் போடும் தொட்டியையும் வெறுமையாக்குங்கள். புரொப்பெல்லரிலும் ட்ரெய்லரிலும் சிக்கிய பாசி, செடிகளை எடுத்துவிடுங்கள்.

இது 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் சட்டம். ஒரு ஏரியிலிருக்கும் சீப்ரா மசல் போன்ற அந்நிய உயிர்கள் இன்னொரு ஏரிக்குப் போவது நம்முடைய படகுகளில்தான். நாம் மீன் பிடிக்கும் ஏரி என்ற அக்கறையோடு செய்ய வேண்டிய வேலை இது.

5. இரவு நிமிர்த்தி நிறுத்திவிட்டு, காலையில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள்

வீட்டுக்கு வந்ததும் எஞ்சினை நேராக இறக்கி ஒரு இரவு அப்படியே விடுங்கள். கியர்பெட்டியில் தண்ணீர் இருந்தால், ஒயிலைவிடக் கனமானதால் இரவோடு அடியில் படியும். அன்றிரவு உறைபனி வரும் என்றால் மட்டும் காத்திருக்காமல் அன்றே ஒயிலை வடியுங்கள்.

காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் கில் சுவிட்சின் (எஞ்சினை உடனே நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றைக் கழற்றிப் பொக்கற்றில் போடுங்கள். பிறகு கொட்டர் பின்னை எடுத்து, புரொப்பெல்லருக்கும் மேலுள்ள தகட்டுக்கும் இடையில் ஒரு மரத்துண்டைச் செருகி, நட்டைக் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொரு வளையத்தையும் எந்த ஒழுங்கில், எந்தப் பக்கம் பார்த்து வந்ததோ அப்படியே ஒரு துணியில் அடுக்குங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுங்கள்.

புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் தூண்டில் நூல் சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின்னல் நூல் என்றால் கத்தி போல வெட்டும். அது உள்ளே போய் றப்பர் சீலை அறுத்தால் அந்த வழியாகவே கியர்பெட்டிக்குள் தண்ணீர் ஏறும்.

6. கியர் ஒயில்: அவசரமே கூடாத வேலை

கியர்பெட்டியில் இரண்டு ஸ்குரூக்கள் இருக்கும். அடியில் ஒன்று, மேலே தகட்டுக்குக் கிட்ட ஒன்று. மேலே உள்ளது காற்றுக்கு. பழைய ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின்கள் பலவற்றில் அடி ஸ்குரூவுக்குப் பக்கத்தில் நட்சத்திரத் தலையோடு இன்னொரு ஸ்குரூ இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். உள்ளே கியர் மாற்றும் பாகத்தைப் பிடித்து வைத்திருப்பது அது. கழற்றினால் கியர்பெட்டியைப் பிரித்தே சரிசெய்ய வேண்டிவரும்.

ஸ்குரூவின் வெட்டை முழுதாக நிரப்பும் அகலமான ஸ்குரூட்றைவரைப் பாவியுங்கள். ஒடுக்கமானது வழுக்கித் தலையைத் தின்றுவிடும். இறுகியிருந்தால் ஸ்குரூட்றைவரின் பின்புறத்தில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

அடியில் ஒரு வெள்ளை நிறப் பாத்திரத்தை வையுங்கள். அடி ஸ்குரூவை முழுதாகக் கழற்றாமல் சற்றுத் தளர்த்துங்கள். முதலில் கசியும் சில துளிகளே விஷயத்தைச் சொல்லும். தெளிந்த தண்ணீர் வந்தால் சீல் போய்விட்டது. பிறகு அடி ஸ்குரூவைக் கழற்றி, அதன் பின் மேல் ஸ்குரூவையும் கழற்றுங்கள். ஒயில் கொட்டென்று வரும்.

கறுப்பு அல்லது கடும் பச்சை நிறம் பரவாயில்லை. பால் தேநீர் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. அடி ஸ்குரூவில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது சாதாரண தேய்மானம். துண்டு துண்டாக இரும்புச் சில்லு வந்தால் கியர் உடைகிறது என்று பொருள், அந்த எஞ்சினை மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள்.

இனி நிரப்புவது. ஒயிலை அடியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கி, நிறைந்துவிட்டது போலத் தெரியும், பாதிதான் போயிருக்கும். பம்பை அடித் துவாரத்தில் பூட்டி மெதுவாக அடியுங்கள். மேல் துவாரத்தில் குமிழி இல்லாமல் ஒயில் வழியும்வரை அடித்து, பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் சற்று அடியுங்கள்.

இப்போது மேல் ஸ்குரூவை முதலில் மூடுங்கள். அதற்குப் பிறகே அடியிலிருந்து பம்பைக் கழற்றி, உடனே அடி ஸ்குரூவைப் போடுங்கள். மேலே மூடியிருந்தால் காற்று உள்ளே போக வழியில்லாமல் ஒயில் மெதுவாகத்தான் கசியும், சில துளிகளே நட்டமாகும். மாறிச் செய்தால் அரைவாசி ஒயில் நிலத்தில்.

புதிய வளையம் போடும்போது பழையது துவாரத்தின் வாயிலேயே ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பழையதன் மேல் புதியது ஏறி, இரண்டு வளையமாகிக் கசிந்த எஞ்சின்கள் மூன்றைப் பார்த்துவிட்டேன்.

ஒயில் பால் நிறமாக இருந்தாலும் புதிய ஒயிலை நிரப்பியே கட்டிவைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் நிற்கக்கூடாது என்பதே இப்போதைய அவசரம். சீலைக் குளிர்காலத்திலேயே பழுதுபார்க்கக் கொடுங்கள். மே மாதத்தில் எல்லாப் படகுக் கடையும் நிறைந்திருக்கும்.

7. தண்ணீர் முதலில், ஸ்டார்ட் பிறகு

கியர் ஒயில் முடிந்த பிறகே எஞ்சினை ஓடவிடுகிறோம். முன்பே ஓடவிட்டிருந்தால் இரவெல்லாம் அடியில் படிந்த தண்ணீர் கலங்கியிருக்கும்.

காதுமூடி போல இருக்கும் ஃபிளஷ் மஃபைத் தண்ணீர் இழுக்கும் துவாரங்களின் இரு பக்கமும் மாட்டுங்கள். ஹோஸைப் பூட்டி, கில் சுவிட்சின் கயிற்றைத் திரும்ப மாட்டுங்கள். தண்ணீரைத் திறந்து இரு பக்கமும் வழிவதைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே தண்ணீர்ப் பம்பில் சுழலும் றப்பர் இதழ்கள் காய்ந்தபடி சில விநாடிகள் சுற்றினாலே கருகத் தொடங்கும். கியர் நியூட்ரலில்தான் இருக்க வேண்டும், வேகத்தைக் கூட்டக்கூடாது.

போன வருடம் ஒரு தம்பி பதறிப்போய்க் கூப்பிட்டார்: "அண்ணை, பின்னால தண்ணி பீச்சிற ஓட்டையால ஒண்டும் வரேல்லை!" மஃப் ஒரு பக்கம் வழுகி இறங்கியிருந்தது. சரியாக மாட்டியதும் பீச்சியது. அப்படியும் வராவிட்டால் உடனே நிறுத்தி, அந்தச் சிறு துவாரத்தில் தூண்டில் நூலை விட்டு அடைப்பை எடுத்துப் பாருங்கள். சிலந்திக்கூடு கூட அடைத்திருக்கும். அதற்கும் வராவிட்டால் பம்பின் றப்பர் இதழ்களை மாற்ற வேண்டிய நேரம்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். சேறு வெளியேறும், எஞ்சினும் சூடாகும். சில எஞ்சின்களில் ஹோஸை நேரடியாகப் பூட்டும் வாய் இருக்கும். அந்த வாயால் கழுவும்போது எஞ்சினை ஓடவிடலாமா கூடாதா என்பது மொடலுக்கு மொடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

8. சூட்டோடு எஞ்சின் ஒயில்

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒயிலை இப்போதே மாற்றுங்கள். சூடான ஒயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். பழைய ஒயிலில் எரிந்த பெற்றோலின் அமிலமும் ஈரமும் இருக்கும். ஆறு மாதம் அவை பேரிங்குகளில் தங்குவதைத் தவிர்க்கவே குளிர்காலத்துக்கு முன் மாற்றுகிறோம். பில்டரின் றப்பர் வளையத்தில் ஒயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். பெற்றோல் பில்டரையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

புதிய ஒயிலை ஊற்றியதும் மறுபடி தண்ணீரைத் திறந்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். புதிய ஒயில் மேலே வரை போய்ப் படிய வேண்டும். பழைய ஒயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், உங்கள் நகரத்தின் ஆபத்தான கழிவு சேர்க்கும் நிலையத்தில் கொடுங்கள்.

9. ஃபோகிங்: இதுவே கடைசி ஓட்டம்

ஃபோகிங் ஒயில், சிலிண்டரின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு தடித்த ஒயில். எஞ்சின் ஆறு மாதம் அசையாமல் நிற்கும்போது உள்ளே துரு பிடிக்காமல் காக்கும்.

கார்புரேட்டர் உள்ள எஞ்சினில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பெற்றோல் குழாயைக் கழற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் பெற்றோல் தீரத் தொடங்கும். சத்தம் மாறும், வேகம் சற்று ஏறும். அப்போது காற்று இழுக்கும் வாயில் ஸ்பிரேயை விட்டு விட்டு அடியுங்கள். வெள்ளைப் புகை கக்கி எஞ்சின் நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் இந்த நேரம் முக்கியம். அதற்கான ஒயில் பெற்றோலோடுதான் வருகிறது, பெற்றோல் நின்றால் ஒயிலும் நின்றுவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் வடிகால் ஸ்குரூ இருந்தால் மிச்சத்தையும் வடித்துவிடுங்கள்.

இன்ஜெக்ஷன் எஞ்சினை இப்படிப் பெற்றோல் தீரும்வரை ஓட்டக்கூடாது. உள்ளே இருக்கும் மின்பம்புக்கு அந்தப் பெற்றோலே குளிரூட்டியும் வழுவழுப்பும். சாதாரணமாகவே நிறுத்துங்கள். காற்று வாயிலும் ஸ்பிரே வேண்டாம், சென்சர்களில் படியும்.

இரண்டு வகைக்கும் அடுத்தது ஒன்றே. கில் சுவிட்சின் கயிற்றை மீண்டும் எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு மூன்று விநாடி ஸ்பிரே அடியுங்கள். ஸ்டார்ட் கயிற்றை மெதுவாக நான்கைந்து தரம் இழுத்து, பிளக்குகளைத் திரும்பப் பூட்டுங்கள்.

இதற்குப் பிறகு மே மாதம்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நவம்பரில் ஒரு நல்ல வெயில் நாள் வரும், "ஒருக்கா ஓடவிட்டுப் பார்ப்போம்" என்று ஆசை வரும். ஓடவிட்டால் பூசிய ஒயில் எல்லாம் எரிந்துபோகும், தண்ணீரும் திரும்ப உள்ளே போய்விடும்.

10. கிறீஸ், புரொப்பெல்லர்

கிறீஸ் நிப்பிள்களை (கிறீஸ் கன்னைப் பூட்டும் சிறு முனைகளை) தேடி, பழைய கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். ஸ்டியரிங் கேபிள் உள்ள படகில், தண்டு உள்ளே இழுபட்ட நிலையில் இருக்கும்போதுதான் அடிக்க வேண்டும். நீண்டு நிற்கும்போது அடித்தால் கிறீஸ் உள்ளே நிரம்பி ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

புரொப்பெல்லர் தண்டின் பற்களில் கிறீஸ் தடவி, படத்தைப் பார்த்து வளையங்களை ஒழுங்காகப் போட்டு, புதிய கொட்டர் பின்னோடு பூட்டுங்கள். கிறீஸ் இல்லாமல் போட்டால் அடுத்த வருடம் கழற்றச் சுத்தியல் தேவைப்படும்.

11. பற்றரியும் பெற்றோல் தாங்கியும்

பற்றரியில் முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றி (ஆறிய பிறகு 12.6 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது) கராஜில் வையுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள். முழுச் சார்ஜ் உள்ள பற்றரி இங்கே வரும் மைனஸ் 20, 30 பாகையில் உறையாது. சார்ஜ் இறங்கியது மைனஸ் 10க்கு முன்பே உறைந்து வெடிக்கலாம்.

சிறு தாங்கியில் மிஞ்சிய பெற்றோலை, ஒயில் கலக்காததாக இருந்தால், காரில் ஊற்றி ஓடித் தீர்த்துவிடுங்கள். தாங்கி வெறுமையாக இருந்தாலும் ஆவி இருக்கும். வீட்டின் நிலவறையில், ஃபர்னஸுக்கோ தண்ணீர் சூடாக்கிக்கோ பக்கத்தில் வைக்கவே கூடாது.

12. நிறுத்தும் கோணம்

எஞ்சின் நேராக, கீழே இறங்கிய நிலையில் நிற்க வேண்டும். வெளியே நிற்கும் படகில் எஞ்சினைத் தூக்கி வைத்திருப்பதை எத்தனையோ வீட்டு முற்றங்களில் பார்க்கிறேன். தூக்கியிருந்தால் புரொப்பெல்லரின் நடுத்துவாரம் கிண்ணம் போல மேலே பார்க்கும். மழையும் உருகிய பனியும் அதில் நிறைந்து, உறைந்து, கியர்பெட்டியை வெடிக்கவைக்கும். நிலத்தில் இடிக்கும் என்றால் ட்ரெய்லரின் முன்பக்கத்தைக் கட்டைவைத்து உயர்த்தாதீர்கள், பின்பக்கம் இன்னும் தாழும். ரயருக்குக் கீழே பலகை வைத்து முழு ட்ரெய்லரையும் உயர்த்துங்கள்.

கழற்றி எடுக்கும் சிறு எஞ்சினை மரத் தாங்கியில் நிமிர்த்தி வைப்பதே நல்லது. படுக்கவைத்தே ஆகவேண்டும் என்றால், தண்ணீர் முழுதும் வடிந்த பிறகு, எஞ்சினில் குறியிட்டிருக்கும் பக்கமாக மட்டும். மாறிப் படுத்தால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒயில் சிலிண்டருக்குள் ஓடும். தலைப்பக்கம் ஒருபோதும் அடிப்பக்கத்தைவிடத் தாழக்கூடாது.

பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்ற வேண்டாம், உள்ளே ஈரம் வியர்க்கும். காற்றுப்போகும் துணி உறை போதும். எலி மூடிக்குள் கூடுகட்டி வயரைக் கடிக்கும், அதனால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, ஒரு துண்டு டேப்பில் திகதி, மாற்றிய ஒயில்கள், கியர் ஒயில் எந்த நிறத்தில் வந்தது, மே மாதம் செய்ய மீதியிருப்பது (புதிய பிளக், பற்றரி, வடிகால் அடைப்பு) ஆகியவற்றை எழுதி ஸ்டியரிங்கிலோ ஸ்டார்ட் கயிற்றின் பிடியிலோ ஒட்டிவிடுங்கள். வடிகால் அடைப்பையும் அதோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுவேன். அதைப் போடாமல் ஏரியில் இறக்கிய படகுகள் ஒவ்வொரு மே மாதமும் கரையிலேயே மூழ்குகின்றன.